பகல் நட்சத்திரமும் நான் விட்ட ‘டா’வும்

நடுப்பகலில் விளக்கை அணைத்து, வளைந்த கூரையில் நட்சத்திரம் காட்டிப் பேசுவது என் தொழில். கொல்கத்தாவில் ஒரு கோளரங்கத்தில் விளக்கம் சொல்பவள் நான். திடீரென்று வெடித்துப் பிரகாசித்த நட்சத்திரங்களை, அதாவது சூப்பர்நோவாக்களை, அந்தக் காலத்து மனிதர்கள் வெறுங்கண்ணால் பார்த்த கதைதான் என் பாடம். மைக்கைப் பிடித்துப் பிழைக்கும் கைடுகளே, வாத்தியார்களே, உங்களிடம் சொன்னால்தான் என் பாடு புரியும்.

விட்டுப்போன ‘டா’

கணவருக்கு ரயில்வேயில் மாற்றல் வந்து டாக்குரியாவில் குடியேறினோம். ‘பௌதி’, அதாவது அண்ணி, என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெண் கற்றுக்கொடுத்த வங்காளத்தை நம்பி முதல் காட்சிக்கு நின்றேன். வங்காளத்தில் ‘தாரா’ என்றால் நட்சத்திரம். ‘அவர்கள்’ என்றும் அர்த்தம். பின்னால் ஒரு ‘டா’ சேர்த்து ‘தாராடா’ என்றால் குழப்பமில்லை. பதற்றத்தில் அதை விட்டுவிட்டேன்.

இருட்டில், கனத்த குரலில், "தாரா மொரே கேலோ" என்றேன். நட்சத்திரம் இறந்துவிட்டது என்று சொன்னதாக என் நினைப்பு. முன்வரிசை அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் கேட்டார்: "ஐயோ, மொத்தம் எத்தனை பேரும்மா?"

ஜூலை மாதம்

1054 ஜூலையில் ஒரு நட்சத்திரம் வெடித்து மூன்று வாரத்துக்கு மேல் பகலிலேயே தெரிந்தது. சீனர்கள் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் எழுந்துவிட்டார். "நம் நாட்டில் ஒருவர்கூடவா நிமிர்ந்து பார்க்கவில்லை? சும்மா சொல்லாதீர்கள்!"

ஓலைகள் செல்லரித்திருக்கலாம் என்று மென்று விழுங்கினேன். அவர் உட்காருவதாக இல்லை. பக்கத்திலிருந்த அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து, சாவகாசமாகச் சொன்னார்: "ஜூலைன்னு சொல்றாளே, மழைக்காலமாச்சே, எல்லாரும் குடைக்குள்ள இருந்திருப்பாங்க. உட்காருங்க."

நேரடி ஒளிபரப்பு

அதே நட்சத்திரத்தின் வெளிச்சம் இங்கே வந்து சேர ஆறாயிரம் வருஷத்துக்கு மேல் ஆனது என்று, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம்மூர் மாணவர்களிடம் தமிழிலேயே விளக்கினேன். வேற்றூரில் தமிழ் பேசக் கிடைத்த உற்சாகம். கொஞ்சம் உருகியே பேசிவிட்டேன். திருநெல்வேலிப் பெண் ஒருத்தி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ லைவ்னு சொல்லி ரெக்கார்டிங்கை ஓட்டியிருக்காங்க, மேடம்."

ஜெயமணியம்மா

செல்லத்துரை ஐயா கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மதியம் மனைவி ஜெயமணியைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். அந்த அம்மாவுக்கு விழித்திரை கெட்டுக்கொண்டே வந்தது. மிச்சமிருக்கும் பார்வையும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ரெண்டு வருஷமா வானம் இவளுக்கு வெறும் கறுப்புத்தான்மா. ஒரே ஒரு நட்சத்திரம் காட்ட முடியுமா?" என்றார்.

1006-இல் தெரிந்ததுதான் பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமானது. ஆபரேட்டர் பாபுல்தாவிடம் போய், அதை மட்டும் முழு வெளிச்சத்தில் வைக்கச் சொன்னேன். "மேனேஜர் பார்த்தால் உனக்குத்தான் மெமோ, தீதி" என்றார். ஆனால் மற்ற நட்சத்திரங்களையெல்லாம் அணைத்துவிட்டார்.

நான் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் முகத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒன்றும் தெரியவில்லை. பாபுல்தா இன்னும் ஏற்றினார். டியூப்லைட் மாதிரி இருக்கிறதே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். செல்லத்துரை ஐயா சுட்டிக்காட்டக் கையைத் தூக்கினார். என்ன நினைத்தாரோ, இறக்கிக்கொண்டார்.

அப்போது மடியிலிருந்த அந்த அம்மாவின் கை எழுந்தது. விரல் நடுங்காமல் நேராக அந்த வெளிச்சத்தைக் காட்டியது. மறுநாள் மெமோவுக்குப் பதில் எழுதும்போதும் எனக்கு அவர் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது: "அந்தா இருக்கு! நீங்க காட்டாமலே பார்த்துட்டேன்."

நம் பால்வீதியில் வெறுங்கண்ணுக்குத் தெரிய ஒன்று வெடித்து நானூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது; அடுத்தது வெடிக்கிற அன்று எங்களுக்கு வார விடுமுறையாகத்தான் இருக்கும்.