கண்டக்டர் வளர்த்த முட்காடு

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கூட்டத்தோடு கூட்டமாய் நசுங்கிய கண்டக்டருக்கு, ஓய்வு பெற்ற பிறகு வாய் திறந்து பேச ஆளில்லாமல் போயிற்று. மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருஷம். மகள் ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் பிள்ளைகளை அதட்டப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்லி என்ன? மிச்சம் ஆறு நாளும் மனுஷன் ரேடியோவோடுதான் சண்டை போட்டார்.

வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர். மனைவி இருந்தவரை காய்கறி விளைந்த இடம். இப்போது ஆள் உயரத்துக்கு முள் மண்டி, பாம்புகூட யோசித்துத்தான் நுழையும். ஒருநாள், போனால் போகிறதென்று ஒரு பொக்லைன் டிரைவரை வரச் சொன்னார்.

வந்தவன் வாயாடி. வேலை ஒரு பங்கு, பேச்சு மூன்று பங்கு. பெண்டாட்டியின் பிடிவாதம், மச்சானின் புளுகு, எஞ்சினின் இருமல் என்று அளந்து தள்ளினான். கண்டக்டர் டீ போட்டார். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு டீ போட்டார். அன்று சாயங்காலம் ரேடியோவைத் தொடவே இல்லை.

அப்போதுதான் அவருக்குள் அந்தத் திருட்டுப் புத்தி புகுந்தது. முள்ளை வேரோடு பிடுங்கினால் அதோடு கதை முடிந்தது. மேலே மட்டும் சீவினால் இரண்டு மழைக்குத் திரும்பத் தழைத்துவிடும்.

"வேரைத் தொடாதப்பா, மண்ணு எளகிடும்" என்று வாய் கூசாமல் சொன்னார்.

"என்னண்ணே, வேரை விட்டா மறுபடி மொளைக்குமே?"

"மொளைச்சா வந்து வெட்டு."

உலகத்தில் எவனும் செய்யாத விவசாயம் இது. மழை விட்டதும் ஓடிப்போய்த் துளிர் பார்ப்பார். முழங்கால் உயரம் வந்துவிட்டால் உடனே போன். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினார்.

இந்த முறை டிரைவர் வந்த அன்று அவருக்குக் கண் பரிசோதனை. "நீ ஆரம்பி, வந்துடறேன்" என்று போனார். மத்தியானம் திரும்பினால், இடம் மொட்டையாகக் கிடந்தது. அடிக்கட்டைகள் எல்லாம் வேரும் தூருமாக ஓரத்தில் குவிந்திருந்தன.

டிரைவர் முகமெல்லாம் பல்லாக நின்றான். "தூரோட எடுத்துட்டேண்ணே! நீங்க படற அவஸ்தைய எத்தனை நாள்தான் பாக்கறது? மண்ணு எளகாம நல்லா மிதிச்சும் விட்டிருக்கேன். இனிமே என்னைக் கூப்பிடற தொல்லையே உங்களுக்குக் கிடையாது."

கண்டக்டர் குவியலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டலாமென்றால், அவன் செய்தது அத்தனையும் பாசத்தில். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"வேலை இல்லாட்டியும், அப்பப்ப சும்மா வந்துட்டுப் போயேன்பா."

"அதுக்கென்னண்ணே, வந்துட்டாப் போச்சு!" என்று சிரித்தபடி வண்டியில் ஏறினான். சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது, வரமாட்டான்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் கண்டக்டர் குவியலைக் கிளறினார். கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்த ஒரு கட்டையைத் தேடி எடுத்து, கையில் முள் ஏற ஏற இழுத்துவந்து, குழி தோண்டி நட்டார். பிறகு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.