சாம்பல் சட்டைக் காகம்

பொங்கல் கழிந்த வாரத்தில் எங்கள் சம்பந்தியம்மா டென்மார்க்கிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தார். என் மகளின் மாமியார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கணவரை இழந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு பைனாகுலர் தொங்கும். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வந்திருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் நாட்டுக்காரர்கள் கட்டிய கோட்டை என்பதால் அந்த ஊகத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர் வந்தது என் மனைவியை அழைக்க.

மகளுக்குச் சித்திரையில் குழந்தை பிறக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். ரத்த அழுத்தம் இருப்பதால் விமானத்தில் போகக் கூடாது என்று அங்கே மருத்துவர் சொல்லிவிட்டார். "அப்ப நீ வாம்மா" என்றாள் மகள். "நான் எப்படிடி வர முடியும்? உன் மாமியா இருக்காங்கல்ல, பாத்துப்பாங்க" என்று சொல்லி போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள் என் மனைவி. மகள் அழுததை நான்தான் கேட்டேன். அதற்குப் பிறகு யார் அந்தப் பேச்சை எடுத்தாலும், "உலை கொதிக்குது" என்று எழுந்துவிடுவாள். காரணம் மட்டும் சொல்லமாட்டாள்.

சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் மனைவிக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான். எந்தப் பறவை எந்த நாளில் தோட்டத்துக்கு வந்தது என்று காலண்டர் தாளில் குறித்து வைப்பது என் பழக்கம். அவரும் அதையே செய்கிறவர் என்று தெரிந்தபோது எங்களுக்குப் பேச விஷயம் கிடைத்தது. ஆனால் பேச வேண்டியவர்கள் நாங்கள் இல்லையே.

அவர் வந்த மறுநாள் காலை முருங்கை மரத்தடியில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாய் வந்து சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன. சம்பந்தியம்மா தன் போனில் ஒரு படம் காட்டினார். எலுமிச்சம்பழ அளவில், மார்பு மட்டும் செங்கல் நிறமாய், ஒரு பறவை. அதற்கு ராபின் என்று பெயர். ஒரு தோட்டத்துக்கு ஒன்றுதான் இருக்குமாம். குளிர்காலத்தில் ஆணும் பெண்ணுமே தனித்தனி எல்லை பிரித்துக்கொண்டு ஒன்றையொன்று விரட்டுமாம்.

நான் மொழிபெயர்த்தேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவில்லை. "அந்த ஊர்ல குருவிக்குமா தனிக்குடித்தனம்?"

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தவிட்டுக்குருவிகளைக் காட்டி, இவை என்ன செய்கின்றன என்று கேட்டார்.

"ஒண்ணு கத்துனா ஏன் எதுக்குன்னு கேக்காம எல்லாம் கத்தும். எங்க சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லுங்க."

அன்று மாலை போர்ட்டிகோவில் நான் கதிர் கட்டினேன். சம்பா அறுவடையில் முதலில் வரும் நெற்கதிரைக் கொத்தாய் முடைந்து வாசலில் குருவிக்குத் தொங்கவிடுவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. சம்பந்தியம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கதிரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: அவர் ஊரிலும் கிறிஸ்துமஸுக்கு ஓட்ஸ் கதிரை இப்படியே கட்டாய்க் கட்டிப் பறவைகளுக்காகத் தோட்டத்துக் கம்பத்தில் ஏற்றுவார்கள். பனி மூடிய மண்ணில் தின்ன ஒன்றும் கிடைக்காத நாட்களுக்காக. முதலில் வந்து உட்காருவது எது தெரியுமா என்று கேட்டுவிட்டு, எங்கள் மதில்மேல் இருந்த ஊர்க்குருவியையே காட்டினார். அதே தொண்டைக் கறுப்பு, அதே தத்தல்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ பயண நூல்களைப் படித்திருக்கிறேன். ஒன்றிலும் இது என் கண்ணில் பட்டதில்லை. நெல்லை அறியாத ஒரு நாட்டில், எங்களை அறியாத மனிதர்கள், அறுத்ததில் முதல் பங்கு குருவிக்கு என்று தாங்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். யாரிடமிருந்து யார் கற்றார்கள்? யாரும் யாரிடமிருந்தும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் இன்னும் வியப்பு.

தரங்கம்பாடிக்கும் போனோம். கோட்டையில் அவர் இருந்தது கொஞ்ச நேரம்தான். திரும்பும் வழியில், கும்பகோணம் தாண்டி, மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொல்லிவிட்டார். கம்பி கண்ணுக்கெட்டிய மட்டும் கறுத்திருந்தது. கோடையில் அவர் வீட்டுக் கொட்டகை உத்தரத்தில் கூடு கட்டுவதும் இதே இனம். அவர் வீட்டுப் பறவைகள் குளிருக்கு ஆப்பிரிக்கா போகின்றன. நம்முடையவை ஆசியாவின் வடகோடியிலிருந்து வருகின்றன. இவை அவையல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அறுத்த வயலின் வரப்பில் நின்று இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கைப்பிடி அரிசியின் எடைகூட இல்லாத உடம்பு, எந்தக் காகிதமும் இல்லாமல் இமயத்தைக் கடந்து வந்து எங்கள் ஊர்க் கம்பியில் இறகு கோதிக்கொள்கிறது.

காருக்குள் இருந்த என் மனைவி கண்ணாடியை இறக்கினாள். "ஏங்க, அதுங்க ஓடிப்போயிடாது. வெயில்ல அவங்க மொகம் தக்காளியாட்டம் ஆயிடுச்சு பாருங்க."

சம்பந்தியம்மா ஊர் திரும்புவதற்கு முன்னால் தை அமாவாசை வந்தது. நான் காவிரியில் குளித்துத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். என் மனைவி வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வைத்து மதில்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள். காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவோம். அன்று ஊர் முழுக்க மதில்களில் சோறு, காகங்களுக்கு அவசரமில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் சம்பந்தியம்மாவைச் சாப்பிட அழைத்தேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவரும் மதில் பக்கம் போய் என் மனைவியின் அருகில் நின்றுகொண்டார். யார் சாப்பிட வேண்டும் என்று காத்திருக்கிறோம் என்று மட்டும் என்னிடம் கேட்டார். இந்த வீட்டுப் பெரியவர்கள், என் அப்பா அம்மா, என்றேன். அதன்பிறகு பைனாகுலரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு காகம் தென்னையிலிருந்து இறங்கி வந்து ஒரு வாய் எடுத்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

இலை போடும்போது என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அவங்க ஊர்ல காக்கா உண்டான்னு கேளுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு அமாவாசைகூட அவள் தவறவிட்டதில்லை. அங்கே போனால் இந்தச் சோற்றை யார் எடுப்பார்கள்? வாய்விட்டுச் சொன்னால் மகளே சிரிப்பாள் என்று பயந்திருக்கிறாள்.

சம்பந்தியம்மா போனில் தேடி எடுத்துக் காட்டினார். தலையும் இறக்கையும் வாலும் கறுப்பு. உடம்பு மட்டும் வெளிர்ச் சாம்பல்.

"இதுவா காக்கா? சட்டை போட்டுட்டு ஆபீஸ் கெளம்புன மாதிரில்ல இருக்கு. சோறு திங்குமா?"

தெரியவில்லை, வைத்துப் பார்த்ததில்லை என்றார் சம்பந்தியம்மா. என் மனைவி சாம்பார் எடுத்துவரப் போய்விட்டாள். மறுநாள் அவரைப் பூதலூரில் ரயிலேற்றிவிட்டு வந்தபோதும் அந்தப் பேச்சு எழவில்லை.

மாசி அமாவாசையன்று எங்கள் மதிலில் காகம் எடுத்து, நாங்களும் சாப்பிட்டு முடித்த பிறகு, மகளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. புல்தரையில் அங்கங்கே பனி. தடித்த கோட்டு போட்ட சம்பந்தியம்மா தோட்டத்து மேசைமேல் ஒரு தட்டில் சோற்றை வைத்துவிட்டு, கூச்சப்படாமல் வானத்தைப் பார்த்து, "கா... கா..." என்கிறார். பக்கத்தில் வயிற்றைப் பிடித்தபடி என் மகள் நிற்கிறாள். சிரிக்கவில்லை. வெகுநேரம் எதுவும் இல்லை. வெறும் காற்றின் இரைச்சல். பிறகு சாம்பல் சட்டை ஒன்று வேலியில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, தாவி மேசைக்கு வந்து வாய் நிறைய அள்ளிக்கொண்டு பறந்தது.

என் மனைவி அதை மறுபடியும் போடச் சொன்னாள். மறுபடியும்.

"சோத்தக் கொழைய விட்டுட்டாங்க பாருங்க" என்றாள். "புள்ளத்தாச்சி வயித்துக்கும் இதைத்தான் போடுவாங்க. நீங்க விசாவுக்கு என்ன வேணும்னு பாருங்க."