ஞானத்தாயின் கையெழுத்து

பத்தாவது வரை படித்து, ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற நான் சட்ட விஷயம் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவளுக்குக் காகிதம் கொஞ்சம் சௌகரியம். ஆனால் இந்த ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கோயிலுக்கு வரும் பல குடும்பங்களுக்கு இது தெரியாது என்பதும் தெரியும். இதில் வருகிற அண்ணன் இன்று நலமாக இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். தையல் வகுப்பில் என்னோடு படித்த தோழிக்குப் பெண் பிறந்தபோது நான்தான் ஞானத்தாய். கோயிலில் குழந்தையை ஏந்தி நின்று, ஞானஸ்நானப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். பிள்ளைக்கு ஆறு வயதாக இருக்கும்போது தோழி இறந்துபோனாள். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவரைத்தான் அண்ணன் என்கிறேன். நான் புருஷனை இழந்தவள், பிள்ளை கிடையாது, இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெண் என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடம் படிப்பாள். என்னைச் சித்தி என்பாள்.

பெற்றவர்கள் இல்லாமல் போனால் பிள்ளை ஞானத்தாய்க்குத்தான் என்று எங்கள் ஜனத்தில் ஒரு நம்பிக்கை. கோயில் பதிவேட்டிலேயே பெயர் இருக்கிறது, தனியாக எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று நாங்கள் இருவரும் இருந்துவிட்டோம்.

போன வருடம் ஒரு நாள் வேனை நிறுத்திவிட்டு இறங்கும்போது அண்ணனுக்கு நெஞ்சுவலி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போனேன். ஆபீசில் இருந்த கன்னியாஸ்திரி கேட்டார்.

"நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?"

"ஞானத்தாய், சிஸ்டர்."

"அது கோயில்ல சரிம்மா. இங்க ரெக்கார்டுல அப்பா பேரும், கோயம்புத்தூர்ல இருக்க பெரியப்பா பேரும்தான் இருக்கு. யாருன்னு தெரியாம எப்பிடி அனுப்புவேன்?"

அவர் கேட்டது நியாயம். அண்ணனிடம் போனில் பேசிய பிறகுதான் அனுப்பினார். அந்த அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணன் போய்விட்டால், இரண்டே முறை பார்த்த பெரியப்பாவோடு அவள் கோயம்புத்தூருக்குப் போக வேண்டியதுதான். என்னை யாரும் கேட்கமாட்டார்கள்.

அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள்; திருச்சியில் ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முன்பே எழுதிவிடலாம் என்று அண்ணன், நான், பிள்ளை மூன்று பேரும் புதுக்கோட்டையில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். தகப்பன் உயில் எழுதினால் அதிலேயே மைனர் பிள்ளைக்குக் கார்டியனை நியமிக்கலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்குச் சம்மதமாம்மா?"

நான் தலையாட்டினேன்.

"தலையாட்டுறது நாளைக்கு யார் காதுலயும் விழாது. வாயால சொல்லுங்க."

"சம்மதங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

"என்னையக் கேக்கவே இல்ல" என்றாள் பிள்ளை. பன்னிரண்டு வயது, வாய் அதிகம்.

"சரி, நீ சொல்லு. யார்கிட்ட இருக்கப்போற?"

"சித்திகிட்டதான். ஆனா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கச் சொல்லக் கூடாதுன்னு அதுலயே எழுதிருங்க."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். அதை எழுதவில்லை. வேறொன்று எழுதினார். வீடு பிள்ளைக்கு. அவளுக்குப் பதினெட்டு வயது முடியும்வரை நானும் அந்த வீட்டில் குடியிருக்க உரிமை உண்டு. "கார்டியனாப் பேரு மட்டும் இருந்து, நாளைக்குச் சொந்தக்காரங்க வந்து அந்த வீட்ட விட்டு ஒங்களை வெளிய போகச் சொன்னா, பிள்ளைய எங்க வச்சிருப்பீங்க?" என்றார். எனக்குத் தோன்றாத கேள்வி அது.

பதிவு நாளன்று புதுக்கோட்டை ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அண்ணனோடு வேன் ஓட்டுகிறவர். இன்னொருவர் நான்தான் என்று அண்ணன் சொல்லிவிட்டார். "ஞானஸ்நானத்துக்குக் கையெழுத்துப் போட்டது நீதானே தங்கச்சி, இதுக்கும் நீயே போடு." எனக்கும் அதுதான் முறை என்று பட்டது. குமாஸ்தா காகிதங்களைப் பரப்பினார். அண்ணன் கையெழுத்திட்டதும் பேனாவை வாங்கி முதல் எழுத்தை எழுதிவிட்டேன்.

"நிறுத்துங்கம்மா!" வக்கீலம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம கிறிஸ்தவங்களுக்கு ஒரு விதி இருக்கு. சாட்சி போடுறவங்களுக்கு அந்த உயில்ல எழுதினது செல்லாது. உயில் நிக்கும், நீங்க அந்த வீட்ல குடியிருக்கிற உரிமை போயிரும்."

"கோயில்ல போட்டாளேம்மா" என்றார் அண்ணன்.

"கோயில்ல சொத்தா எழுதினீங்க?"

குமாஸ்தா கடைசிப் பக்கத்தை மறுபடி அடிக்கப் போனார். பதிவுக்குக் கொடுத்திருந்த நேரத்துக்கு அரைமணிதான் இருந்தது, அதற்குள் வேறு சாட்சி வேண்டும். அண்ணனை வெயிலில் அலையவிட முடியாது. எதிர்ச் சாரியில் நான் நூல், லைனிங் வாங்கும் கடை. கடைக்கார பாயின் பேரப்பிள்ளைகள் அண்ணன் வேனில்தான் போகிறார்கள். பத்து வருடமாக அந்தக் கடையில் நான் பேசியதெல்லாம் நூல் நம்பரும் கலரும்தான். ரோட்டைக் கடந்து போய் நின்றேன். மூன்று பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை.

"பாய், ஒரு கையெழுத்து வேணும்."

"யாருக்கும்மா ஜாமீன்? அந்தப் பக்கமே நான் போறதில்ல."

"ஜாமீன் இல்ல. வேன்கார அண்ணன் உயில் எழுதுறாரு. அவரு பொண்ண எனக்கு எழுதுறாரு. சாட்சி வேணும்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். பாய் முழக்கோலைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு பேசுவியாம்மா நீ?" என்றார். வாடிக்கையாளர்களிடம், "செத்த இருங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பாய் அண்ணனைப் பார்த்து, "சீக்கிரம் வந்து வேன எடுங்க, பேரப்பயலுக ஆட்டோவுல போகமாட்டேங்கிறானுங்க" என்றார். அண்ணன் அவர் கண் முன்னால் மறுபடி கையெழுத்துப் போட்டார். பிறகு பாய் போட்டார், அண்ணனோடு வேன் ஓட்டுகிறவர் போட்டார். நான் சுவரோரம் பிள்ளையோடு நின்றேன். என் பெயர் உள்ளே, கார்டியன் என்று எழுதிய இடத்தில் இருந்தது. கையெழுத்தில் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை அண்ணன் திருச்சி பஸ் ஏறினார். பிள்ளைக்குக் கணக்குப் பரீட்சை. நான் பாக்கியிருந்த இரண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தேன்.