சுளகில் விழுந்த பீடிகள்

நேற்று விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்டிருந்தேன். பேத்தி செல்போனில் இங்கிலீஷ் படித்தாள். கேரி என்ற வினைச்சொல்லுக்கு முன்னால் அவன், அவள் வந்தால் எப்படி எழுதுவது என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"கடைசி ஒய் எழுத்த எடுத்துட்டு ஐ.ஈ.எஸ். போடு" என்றேன்.

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தே, ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

தெரியும். அதைப் படித்த இடத்தில் புகையிலைத் தூள் பறக்கும். இன்றைக்கும் எஸ் என்ற எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தும்மல் வரும், சிரிக்காதீர்கள்.

ஆழ்வார்குறிச்சியில் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் தோற்று, பக்கத்துப் பேச்சியக்கா வீட்டு முற்றத்தில் மற்றப் பெண்களோடு பீடி சுற்ற உட்கார்ந்தேன். மடியில் முறம் மாதிரி சுளகு, சுளகில் பீடி இலையும் தூளும், முழங்காலுக்கு அடியில் புத்தகம். மறுபடி எழுதியே தீருவேன் என்று சிவசைலத்து அம்மனிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னதை மாற்ற முடியுமா?

ஒருநாள் பெரியப்பா வந்து பார்த்தார். "பீடி சுத்துத கைக்கு இங்கிலீசு என்னத்துக்குட்டி? பீடி கொறஞ்சா புஸ்தகத்த அடுப்புல வச்சிருவேன்."

அவர் போனதும் பேச்சியக்கா சொன்னாள்: "நீ சத்தமா வாசிட்டி. பீடிய நாங்க பாத்துக்கிடுதோம்."

நான் வாசிக்க வாசிக்க, ஆளுக்கொரு கை பீடி என் சுளகில் விழுந்தது. கோ, கோஸ். வாட்ச், வாட்சஸ். அவர்களும் கூடவே சொன்னார்கள். ஒற்றை ஆளுக்குத்தான் எஸ், நாலு பேர் சேர்ந்தால் கிடையாது என்றபோது பேச்சியக்கா சிரித்தாள். "தனியா நிக்கவனுக்குத்தான் வாலு ஒட்டுவான். கூட்டத்துல வந்து ஒட்டச் சொல்லு பாப்போம்."

சுற்றிய பீடியைக் கொண்டுபோய்ப் போட்டபோது கடை அண்ணாச்சி என் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு கைக்கும் மடிப்பு ஒவ்வொரு விதம். கண்டுகொண்டார். "இது ஒரு கை சுத்துனது இல்லையே. எடுக்க மாட்டேன்." புத்தகம் அடுப்பில் எரிவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

பேச்சியக்கா தன் சுளகைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அப்பம் எங்களோடதும் வேண்டாம் அண்ணாச்சி." பின்னால் நின்றவர்களும் தூக்கிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி என் கட்டைத் திரும்பக் கட்டினார். "வச்சிட்டுப் போங்கம்மா."

இங்கிலீஷை மறுபடி எழுதித் தேறினேன். அப்புறமும் பீடிதான் சுற்றினேன். அதனால் என்ன? படித்தது வீண் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சும்மா விடமாட்டேன்.

அந்தக் கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். பேச்சியக்காவும் இல்லை, அவள் முற்றத்தில் யாருடைய காரோ நிற்கிறது. பேத்தி தப்பாகச் சொன்னால் செல்போனே திருத்துகிறது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு அவளிடம் ஒருவர் வந்து 'உனக்கெதற்குப் படிப்பு' என்று கேட்டால், அந்தச் செல்போன் சுளகைத் தூக்கி இடுப்பில் வைக்காது.