உரித்த முட்டை

கார்ன்ஃப்ளேக்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கடையில் அந்த அட்டைப் பெட்டிகள் இருக்கும் பக்கமே போகமாட்டேன். மகள் கேட்டால் அவள் அப்பாதான் வாங்கித் தர வேண்டும். பைத்தியம் என்று அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஒரு முட்டைக்காக அவர் யார் முன்னாலும் போய் நின்றதில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இருந்தது எங்கள் தொழிற்சாலை. காருக்குள் ஓடும் வயர்களைச் சேர்த்துக் கட்டும் வேலை. பலகை நகர்ந்துகொண்டே வரும். நாங்கள் நின்றபடியே வயரைப் பொருத்தி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். உட்கார ஸ்டூல் கிடையாது. லைனில் பாதிப் பேர் தெற்கத்திப் பெண்கள். நான் சங்கரன்கோவில் பக்கம். எனக்கு அடுத்து நின்றவள் கோவில்பட்டிக்காரி, ஹாஸ்டலிலும் ஒரே அறை. இங்கே வருமுன் ஊரில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி என்று நினைக்க வேண்டாம். தீப்பெட்டி செய்யும் கொட்டகைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். "அந்த மருந்து வாடைக்கு மட்டும் திரும்பப் போவ மாட்டேன். இங்க நின்னே செத்தாலும் சரி" என்பாள்.

ஒரு நாள் காலை ஷிப்டில், டேப்பைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். ரத்தம் கம்மி என்றார் முதலுதவி அறை நர்ஸ். மாத்திரை கொடுத்து, காலையில் முட்டையை விடாதே என்று சொல்லி அனுப்பினார். ஹெச்.ஆர். சார் சொன்னது வேறு. அவள் டிரெய்னிதான், இன்னொரு தடவை லைனில் விழுந்தால் உடம்பு லாயக்கில்லை என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

கேண்டீனில் காலையில் இட்லி அல்லது பொங்கல், அதோடு ஆளுக்கு ஓர் அவித்த முட்டை. இட்லி கல், சாம்பார் தண்ணீர். முட்டை ஒன்றுதான் உருப்படி, அதில் மட்டும் யாராலும் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. என் முட்டையையும் அவள் தட்டில் வைத்துவிடுவேன். "ஒனக்கு?" என்பாள். "எனக்கு முட்டை வாடை ஆவாது" என்பேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தில் நிறம் வந்தது.

அப்போதுதான் ஸ்டாப்வாட்சும் கையுமாக ஓர் இன்ஜினியர் சார் கேண்டீனுக்குள் வந்து நின்றார். ஒரு வயரைச் சொருக எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது அவர் வேலை. லைனை அளந்து முடித்துவிட்டார் போலிருக்கிறது, எங்கள் வாயை அளக்க வந்துவிட்டார். முட்டையை மேசையில் தட்டி, ஓட்டை உரித்து, விரலில் ஒட்டிய தோலை உதறும் நேரமெல்லாம் கம்பெனிக்கு நஷ்டமாம். அடுத்த திங்கட்கிழமை முட்டைக் கூடையைக் காணோம். அந்த இடத்தில் பெரிய கண்ணாடி ஜாடி நிறைய கார்ன்ஃப்ளேக்ஸ், பக்கத்தில் ஜில்லென்று பால்.

ஹெச்.ஆர். சார் மேசை மேசையாக வந்து விளக்கினார். "ஃபாரின்ல எல்லாரும் இதான் சாப்பிடறாங்கம்மா. ஹெல்த்தி. டைமும் மிச்சம்." யாருக்கு மிச்சம் என்று அவர் சொல்லவில்லை.

விடிந்தும் விடியாத பொழுதில் ஜில் பாலை யார் குடிப்பது? சுட வைத்துக் கொடுங்கள் என்று வரிசையில் நின்றோம். சுடு பாலில் போட்டதும் அது போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி ஆனது. ஒருத்தி ஊறுகாய் கேட்டாள். வல்லக்கோட்டைக்காரரான சமையல் மாஸ்டர் எங்கள் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு நாள் கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து அதை உப்புமாவே கிண்டிவிட்டார். காரமான பசை. "யானப் பசிக்குச் சோளப்பொரிம்பாங்க. இவனுவ நெசமாவே கொண்டாந்து வச்சுட்டானுவ" என்றாள் கோவில்பட்டிக்காரி. மேசையே சிரித்தது. ஆனால் அவள் தட்டை ஒதுக்கிவிட்டு வெறும் கடுங்காப்பியோடு எழுந்தாள். மற்ற நாள்களிலும் அதைத் தொடமாட்டாள். பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வயிற்றைக் கலக்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூபர்வைசரிடம் கெஞ்ச வேண்டும்.

ஹெச்.ஆர். சாரிடம் போய் நின்றேன். எல்லோருக்கும் வேண்டாம், அவளுக்கு மட்டுமாவது ஒரு முட்டை கொடுங்கள் என்றேன். "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார். "கேட்டா என்ன சார்?" என்றேன். எனக்கு வாய் நீளம் என்று சூபர்வைசரிடம் சொல்லி அனுப்பினார்.

ஹாஸ்டல் குளியலறையில் வெந்நீர் போடும் கரண்ட் காயிலைப் பக்கெட்டுக்குள் விட்டு முட்டை அவித்தேன். வார்டனம்மா மோப்பம் பிடித்து வந்து காயிலைப் பிடுங்கிக்கொண்டு போனார். பச்சை முட்டையைக் குடிக்கச் சொன்னேன். குடித்தாள், வாந்தி எடுத்தாள். அந்த வாரமே லைனில் விழுந்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் பையோடு நின்றபோது அவள் அழவில்லை. நான்தான் ஆத்திரத்தில் அழுதேன். "ஏ புள்ள, திரும்ப முட்ட போட்டாம்னா நீ தின்னு. வாடை ஆவாதுன்னு பொய் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள். அத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியவர் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். தொழிலாளர்களோடு சாப்பிடுவது மாதிரி போட்டோ எடுக்க, எங்கள் மேசையில் என் எதிரிலேயே உட்கார வைத்தார்கள். கார்ன்ஃப்ளேக்ஸ் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையசைத்தார். உடனே ஆபீசர்கள் சாப்பிடும் அறையிலிருந்து அவித்த முட்டை வந்தது. அங்கே அது ஒரு நாளும் நிற்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெரியவர் ஸ்பூனால் முட்டையைத் தட்டினார். பேசிக்கொண்டே துளித்துளியாக ஓட்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். ஸ்டாப்வாட்ச் சார் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. "சார், வாட்ச எடுங்க சார். இவர் உரிச்சு முடிக்க எம்புட்டு நேரம் ஆவுதுன்னு பாருங்க" என்றேன், கேண்டீன் முழுக்கக் கேட்கும்படி. நான் என்ன சொன்னேன் என்று பெரியவர் விசாரித்தார். நான் அவரை வரவேற்கிறேன் என்று ஹெச்.ஆர். சார் இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். பெரியவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு முட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் முட்டை திரும்பி வந்தது. ஏன் நிறுத்தினார்கள் என்று சொன்ன வாய்கள் ஏன் திரும்பக் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. இந்த முறை உரித்தே வந்தது. "உள்ளயே உரிச்சிடறோம்மா. இன்னா பெரிய வேலை? மொதல்லயே கேட்டிருந்தா அன்னிக்கே செஞ்சிருப்போம்" என்றார் மாஸ்டர். இவ்வளவுதான் விஷயம். சமையல்கட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் என் பக்கத்தில் நின்று டேப் சுற்றிக்கொண்டிருப்பாள். அதற்குள் அவள் தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்துவிட்டதாக அவள் வீட்டிலிருந்து போனில் சொன்னார்கள்.

பழக்கத்தில் முட்டையை எடுத்துப் பக்கத்துத் தட்டில் வைக்கப் போனேன். அவள் இடத்துக்கு வந்திருந்த புதுப் பெண் என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு முட்ட புடிக்காதாக்கா?" என்று கேட்டாள்.

"புடிக்கும்" என்றேன். கோவில்பட்டிக்காரி சொன்னபடி அதை நானே தின்றேன். ஒவ்வொரு வாயையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் விழுங்கினேன்.