புரொப்பல்லர் போல்ட்டும் தாய்மாமனும்

என் மகளுக்குக் காது குத்தியது அவள் தாய்மாமன் மடியில். சடங்கில் முதல் மாலை போட்டதும் அவன்தான். முறை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றை மட்டும் எனக்கென்று மனதுக்குள் எடுத்து வைத்திருந்தேன். அவள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். முதன்முறை தனியாகப் பறந்து இறங்குபவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது பயிற்சிப் பள்ளிகளில் வழக்கம். அதில் தாய்மாமனுக்கு உரிமை என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஆனால் அந்தப் பள்ளியில் விமானங்களைப் பழுதுபார்ப்பது நானும் அவனும்தான்.

குற்றாலத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று, அவள் தனியாகப் பறக்கவிருந்ததற்கு முந்தின நாள் லீவு போட்டேன். சாரலில் நனைந்து, கூட்டத்தில் இடிபட்டு, கேனை நிரப்பிக்கொண்டு தென்காசி பஸ்ஸுக்கு நின்றபோது மச்சினன் போன் செய்தான்.

"அத்தான், புரொப்பல்லருக்கு வந்த புது போல்ட் ஒரிஜினல் இல்லன்னு தோணுது."

புதுச் சாமான் எதுவானாலும் சந்தனப் பொட்டு வைத்துத்தான் பூட்டுவோம். பொட்டு வைக்கப் போனவனுக்கு விரலில் தட்டுப்பட்டிருக்கிறது. பழைய போல்ட்டின் தலையில் எழுத்து மேடாக இருக்கும். இதில் பள்ளமாக வெட்டியிருந்தது.

"போல்ட்டோட வந்த பேப்பர் எல்லாம் சரியா இருக்குல்லா?" என்றேன்.

"இருக்கு. அத நம்பி பிள்ளைய ஏத்தச் சொல்லுதீங்களா?"

அந்த போல்ட்டைப் பூட்டவிருந்த விமானத்தில்தான் மகள் பறக்கவிருந்தாள். தயாரிப்பாளரிடம் கேட்டால், இது எங்கள் போல்ட்டே இல்லை என்றார்கள். நடுவானில் அறுந்திருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பயம் அடங்கியதும் வயிறு எரிந்தது. நான் லீவு போட்ட அன்றைக்கா அது இவன் கையில் அகப்பட வேண்டும்? நான் இருந்திருந்தால் நானே பிடித்திருப்பேன். வீட்டிலோ, "எந்தம்பி இல்லன்னா பிள்ள என்ன ஆயிருக்கும்" என்று மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்ல போல்ட் வந்த பிறகு மகள் தனியாகப் பறந்தாள். சக்கரம் தரையைத் தொடும்வரை நான் மூச்சுவிடவில்லை. அவள் இறங்கி ஓடி வந்தாள். நான் கேனைத் திறந்தேன்.

"அப்பா, மாமா ஊத்தட்டும்ப்பா."

அவன் தயங்கி என்னைப் பார்த்தான். எந்த வாயால் மறுப்பேன்? கேனை நீட்டினேன். அவன் ஊற்ற ஊற்ற அவள் சிரித்துக்கொண்டே நனைந்தாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டப் போனேன். கையில் கேன் மூடி இருந்தது.