அத்தனை அறையிலும் ஒரே பெயர்

அந்த ரத்த வங்கியில் எல்லோருக்கும் அவள் போன் அக்கா. ரத்தம் தேவைப்படும்போது கொடையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சுவது அவள் வேலை. கல்லும் கரையும் குரல் என்பார்கள். ஆனால் சொந்தத் தங்கை பிரசவத்தில் ரத்தம் இழந்து கிடந்த அன்று அந்தக் குரல் உதவவில்லை. ஒருவர் போனை எடுக்கவில்லை. இன்னொருவர் வெளியூரில் இருந்தார். வருகிறேன் என்றவர் வந்து சேர்வதற்குள் தங்கை கண்ணை மூடிவிட்டாள்.

அழுது ஓய்ந்தபின் அவள் கணினி வகுப்பில் சேர்ந்தாள். அதே வங்கியில் நர்ஸாக இருந்த நாத்தனார், இந்த வயதில் அண்ணிக்குப் புத்தகப்பை கேட்கிறது என்று கேலி செய்தாள். செய்துகொண்டே, யாரும் சொல்லாமல் வீட்டுச் சமையலையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

போன் அக்கா எழுதிய புரோகிராமின் வேலை எளிது. டேட்டாபேஸில் கொடையாளர்களுக்கென்று ஒரு டேபிள், அதாவது அட்டவணை. ஒரு பதிவுக்கு ஓர் ஆள். வேண்டிய ரத்த வகைக்காரர்களை அதிலிருந்து எடுத்து ஓர் அரேயில், அதாவது வரிசையான அறைகளில், ஆளுக்கு ஓர் அறையாக அடுக்கும். பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி பறக்கும். தன் பெயரை மட்டும் டேபிளில் போட்டுச் சோதித்தாள். செய்தி சரியாக வந்தது. ரத்த வங்கி டாக்டரும் அதைப் பயன்படுத்தச் சம்மதித்தார்.

முதல் நாளே சோதனை வந்தது. மாடியிலிருந்த பிரசவ வார்டில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு உதிரம் நிற்கவில்லை. கிடைப்பதற்கு அரிய ரத்த வகை. போன் அக்கா பட்டனை அழுத்தினாள். அத்தனை செய்திகளும் போய்விட்டதாகத் திரை சொன்னது. ஆனால் வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. தங்கையின் முகம் கண்முன் வந்து நின்றது.

அப்போது சட்டையெல்லாம் சுண்ணாம்பும் பச்சைச் சாயமுமாக ஒரு பெயிண்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னம்மா, ஊர்ல வேற ஆளே இல்லையா? ஏணியில நிக்கிறேன், செய்தி மேல செய்தி. எத்தனை பேரு சாகக் கெடக்கறாங்களோன்னு பதறி வந்தேன்."

அவர் நீட்டிய போனை அவள் வாங்கிப் பார்த்தாள். எல்லோருக்கும் போக வேண்டிய செய்திகள் அவர் ஒருவருக்கே போயிருந்தன. நாத்தனார் அவரைப் பரிசோதித்துப் படுக்க வைத்தாள். ஆனால் ஒருவர் ரத்தம் எந்த மூலைக்கு?

டாக்டர் பொறுமை இழந்தார். "போதும்மா. பழையபடி போனை எடுங்க."

"ஒவ்வொருத்தரா கூப்பிட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் டாக்டர்," என்றாள் போன் அக்கா.

நாத்தனார் வந்து போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க மிஷினைப் பாருங்க அண்ணி. கெஞ்சறதை நான் பாத்துக்கறேன்."

போன் அக்கா அரேயைத் திரையில் கொட்டிப் பார்த்தாள். அத்தனை அறையிலும் பெயிண்டரின் பெயர். அந்த ரத்த வகைக்காரர்களில் டேபிளின் கடைசிப் பதிவு அவருடையது. உடனே புரிந்தது. விருந்தாளிகள் எல்லோருக்கும் ஒரே டம்ளரை வைத்துக்கொண்டு, முன்பு ஊற்றியதைக் கொட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப அதிலேயே ஊற்றியிருக்கிறாள். கடைசியாக ஊற்றியதுதானே மிஞ்சும்? ஓர் ஆளை மட்டும் வைத்துச் சோதித்தால் அந்தத் தப்பு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக ஓர் இடம் உண்டாக்கும் வரி, ஆளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சிக்கு வெளியே கிடந்தது. அதை உள்ளே தள்ளினாள். மறுபடி அரேயைப் பார்த்தாள். அறைக்கு ஒரு பெயர். வேறு வேறு மனிதர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

முதலில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பெண் வந்தாள். அவள் பின்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர். அப்புறம் மாமனாரும் மருமகனுமாக இருவர். நாற்காலிகள் நிறைந்து, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். டாக்டர் ரத்தப் பையோடு மாடிப்படியில் ஓடினார்.

பொழுது சாயும் நேரத்தில் அவர் இறங்கி வந்து போன் அக்காவின் மேசை முன் நின்றார்.

"உதிரம் நின்னுடுச்சும்மா. அந்தம்மா கண்ணைத் திறந்து குழந்தை எங்கன்னு கேக்கறாங்க."

அவ்வளவு நேரம் அடக்கியிருந்த அழுகை அவளுக்குப் பீறிட்டு வந்தது. சுவரோரம் நின்றவர்கள் திகைத்துப் பார்த்தார்கள்.

நாத்தனார் அண்ணியின் தோளில் கையை வைத்துக்கொண்டு அவர்களிடம் சொன்னாள்: "பயப்படாதீங்க. எங்க அண்ணிக்கு சந்தோஷம் வந்தா இப்படித்தான். அடுத்தது யாரு, வாங்க."